காட்டுத் தீக்கு ஒரு தொடக்க விழா

காப்பெல் என்ற அமெரிக்க ஊருக்கு வடக்கே ஏரிக்கரை ஓக் காட்டை எரிக்க அனுமதி வாங்குவதற்குள் பர்வதத்துக்கு மூன்று வருடம் ஓடிவிட்டது. காட்டைக் காப்பாற்றத் தீ வைப்பதுதான் அவள் உத்தியோகம். தடித்த பட்டை கொண்ட பெரிய ஓக் மரங்கள் சிறு தீக்கு அசையாது. புல்லும் ஓக் கன்றுகளும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். தீயே இல்லாமல் போனதில் ஜூனிபர் புதர்கள் மண்டி, ஓக் கன்றுகள் வெயில் படாமல் செத்துக்கொண்டிருந்தன. இந்தக் குளிர்காலத்தில் மிச்சமிருந்த தோதான நாள் அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். அதுவும் தெற்குக் காற்று இருக்கும்வரை. மதியம் அது திரும்பினால் புகை முழுக்கத் தெற்கே ஃப்ரீவேயில் போய் இறங்கி, வண்டி ஓட்டுபவர்களின் கண்ணை மறைக்கும்.

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைத்தவர், ஊர்த் தமிழ் அமைப்பின் தலைவர் ஜம்புநாதன். சும்மா செய்வாரா?

"சின்னதா ஒரு ஃபங்ஷன்மா. குத்துவிளக்கு ஏத்திட்டு நீ காட்டை ஏத்து. பத்தே நிமிஷம்."

நம் ஆட்களின் பத்து நிமிஷம் அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் தலையாட்டினாள். தலையெழுத்து!

சனிக்கிழமை வந்து பார்த்தால் வயிறு எரிந்தது. தீ தாண்டாமலிருக்கப் புல்லை வழித்து வைத்திருந்த வெற்றுத் தரையில், கச்சிதமாக ஷாமியானா போட்டிருந்தார்கள். பட்டுப்புடவைகள், ஸ்பீக்கர், ஃபில்டர் காபி. அத்தனை பேரும் நகராமல் ஒரு தீக்குச்சி உரச முடியாது. அவளுடைய குழு மஞ்சள் சட்டையும் ஹெல்மெட்டுமாகத் தேமே என்று நின்றது. அவர்களுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பாலியெஸ்டர் பொன்னாடை, தீயணைப்பு உடைக்கு மேலே!

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. அப்புறம் விளக்கு. ஐந்து முகம், முகத்துக்கொரு பிரமுகர். ஒருவர் ஏற்றுவார், காற்று அணைக்கும், போட்டோகிராஃபர் "ஒன் மோர்" என்பார்.

பர்வதம், மைக் பிடித்திருந்த சாய்ராமிடம் ஓடினாள். "காத்து திரும்பப் போகுதுங்க. ப்ளீஸ், முடிங்க!"

"இன்னும் ரெண்டு பேர்தான் மேடம். ஸ்கிப் பண்ணா அடுத்த எலெக்‌ஷன்ல தலைவரை எதிர்த்து நிப்பாங்க."

கடைசியில் ஐந்து திரியும் ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தன. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பர்வதம் மட்டும் கைதட்டவில்லை. சுடர் ஆடவில்லை என்றால் காற்று நின்றுவிட்டது, திரும்பப் போகிறது என்று அர்த்தம். சற்று நேரத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று புறப்பட்டு ஷாமியானாவை உப்ப வைத்தது.

"கேன்சல்" என்றாள் குழுவிடம்.

ஜம்புநாதன் பதறி வந்தார். "போட்டோவுக்காவது ஓரமா கொஞ்சம் கொளுத்தேம்மா."

"ஃப்ரீவேல வண்டி மோதிச் செத்தா அதையும் போட்டோ எடுப்பீங்களா அங்கிள்?"

"ஏம்மா டென்ஷன் ஆகற? நெக்ஸ்ட் இயர் கிராண்டா பண்ணிடலாம்."

எல்லோரும் பிரியாணிக்குக் கிளம்பினார்கள். அவள் புதருக்கடியில் குனிந்து பார்த்தாள். இரண்டிலை விட்ட கன்று ஒன்று இருட்டில் வெளுத்துக் கிடந்தது. அடுத்த வருடம்வரை இது தாங்காது. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. ஜம்புநாதனின் பின்னால் யாரோ போனிலேயே தீ மூட்டியிருந்தார்கள். 'ஓக் காட்டுக்கு மறுவாழ்வு தந்த தலைவர்!'

பர்வதம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'இன்று தீ வைக்கவே இல்லை. விழா இழுத்ததில் காற்று திரும்பிவிட்டது. கன்றுகள் சாகப்போகின்றன.'

அரை நிமிடத்தில் பதில் வந்தது: 'வாழ்த்துகள் மேடம்!' அதன் கீழே இன்னொரு வாழ்த்து, இன்னொன்று, பூங்கொத்து, கூப்பிய கைகள். ஜம்புநாதன் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.