கரன்ட் இல்லாத இடம்

தம்பி பொய் சொல்வதில் அப்படியொன்றும் சமர்த்தன் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவனுக்கு. அங்கே அவன் வாயிலிருந்து வருகிற பொய்யெல்லாம் மேலிடத்தில் தயாரானவை. சொந்தமாகச் சொல்லத் தொடங்கியது இதுதான். அதையும், தன்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணனிடமே தொடங்கினான்.

"அண்ணே, நாங்க கூடாரம் போடப்போற இடத்துல கரன்ட் கிடையாது. உன் மிஷினுக்கு என்ன பண்ணுவ? இந்தத் தடவ விட்டுரு. அடுத்த தடவ எல்லாரும் சேர்ந்து போலாம்."

"காடுன்னா அப்படித்தானே இருக்கும்," என்றார் அண்ணன். "பரவால்லடா. நீ நல்லபடியா போய்ட்டு வா."

அண்ணனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. படுக்கும்போது மூக்கில் ஒரு முகமூடி மாட்டிக்கொள்வார். அதிலிருந்து ஒரு குழாய் கட்டிலோரத்து மிஷினுக்குப் போகும். விடியும்வரை அது காற்றை ஊதிக்கொண்டிருக்கும். குழாயை அவர் தும்பிக்கை என்பார். "யானை படுக்கப் போவுது, வழி விடுங்க" என்று தினமும் சொல்வார். அண்ணி தினமும் சிரிக்காமல் வழி விடுவாள்.

அந்தத் தேசியப் பூங்கா ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டினாலும் முடியாத காடு. உள்ளே ஆழத்தில் தண்ணீர்க்குழாய்கூட இல்லாத முகாம்கள் உண்டு. ஏரிக்கரை முகாமிலோ ஒவ்வொரு கூடாரத்துக்கும் பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் பிளக் பாயின்ட். தம்பி பதிவு செய்திருந்தது ஏரிக்கரையில்தான். கூட வருகிற மச்சானின் மனைவி தலைமுடி காயவைக்கும் மிஷினைப் பையில் எடுத்துவைத்துவிட்டாள்.

விஷயம் கரன்ட் அல்ல, அண்ணனின் வாய். அவர் லிஃப்ட் மெக்கானிக். மச்சான், அதாவது தம்பி மனைவியின் அண்ணன், கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். அவர் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசி மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள். போன முறை அங்கே விருந்துக்குப் போனபோது, அண்ணன் தட்டில் கைவைத்ததுமே கச்சேரியை ஆரம்பித்தார். தம்பி சின்ன வயதில் லிஃப்டில் மாட்டிக்கொண்டது, கதவு திறப்பதற்குள் கால்சட்டை நனைந்தது, பிறகு அவன் நடந்துபோன நடை, எல்லாவற்றையும் எழுந்து நின்று நடித்துக்காட்டினார். தம்பியின் மானம் கப்பலேறியது. அந்த வாயோடு மூன்று நாள், எழுந்து போக இன்னொரு அறைகூட இல்லாத காட்டில் மாட்டிக்கொள்ள அவன் தயாராக இல்லை.

பயணத் திட்டம் போட மச்சான் வீட்டில் கூடினார்கள். சாப்பாட்டு மேசை முழுவதும் பூங்காவின் வரைபடம். எந்தப் பாதையில் நடப்பது, யார் அடுப்பு கொண்டுவருவது என்று பேச்சு ஓடியது. மச்சான் வரைபடத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"உங்க அண்ணனுக்கும் ஒரு கூடாரம் வேணுமே. எடுத்துட்டு வருவாரா, நாம கொண்டு போகணுமா?"

"அவருக்குக் காடெல்லாம் ஒத்துக்காது மச்சான்."

"அடடா. அவர் இருந்தாத்தான் களைகட்டும்னு நினைச்சேன். அந்த லிஃப்ட் கதைய எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

தம்பியின் மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றல்லவா அவளிடம் சொல்லியிருந்தான். ஒரு பொய் இப்போது மூன்றாகிக் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. அவன் ஏரியின் மேல் விரலை வைத்து, தண்ணீர் ஆழமாக இருக்குமோ என்று சம்பந்தமில்லாமல் கேட்டான்.

மறுநாள் அண்ணியிடமிருந்து போன். "தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

போனான். அண்ணன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. "வாடா" என்றவர், அடுத்த வார்த்தைக்குள் கண்ணயர்ந்து, தலை தொங்கி, திடுக்கிட்டு விழித்தார். அலமாரியின் மேல் அந்த மிஷின், ஒயரைச் சுற்றிக் கட்டி ஏற்றி வைக்கப்பட்டிருந்தது.

"ஒரு வாரமா அத மாட்டாமத் தூங்கிப் பாக்குறாரு," என்றாள் அண்ணி. வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "கரன்ட் இல்லாமலே தூங்கக் கத்துக்கிட்டா தம்பி கூடப் போலாமாம். நேத்து வேலையில லிஃப்ட் மேல உக்காந்தபடியே தூங்கிட்டாரு. கூட இருந்தவர் சட்டையப் புடிச்சு இழுக்கலன்னா..."

"மொத ரெண்டு நாள்தான் கஷ்டம்," என்றார் அண்ணன், அவளை மறித்து. "இப்ப ஒருக்களிச்சுப் படுத்தா கொஞ்சம் மூச்சு வருது."

தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"இடத்த மாத்திட்டேண்ணே. கரன்ட் இருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அண்ணனின் முகம் மலர்ந்தது. "எனக்காகவா? எத்தன பேருக்குப் போன் போட்டு அலைஞ்சியோ." அண்ணியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா, நான் சொல்லல? என்ன விட்டுட்டுப் போக அவனுக்கு மனசு வராது." எழுந்து வந்து தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். இதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அண்ணன் மிஷினை இறக்க நாற்காலி தேடப் போனார். அண்ணி வாசல்வரை கூட வந்தாள்.

"காலையிலயே பூங்கா ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன் தம்பி," என்றாள், குரலை உயர்த்தாமல். "நீங்க மொதல்லேருந்து ஒரே எடத்தத்தான் பதிவு பண்ணியிருக்கீங்க. அங்க மொதல்லேருந்து கரன்ட் இருக்கு."

"அண்ணி..."

"அவருகிட்டச் சொல்லல. நீங்களும் சொல்லிறாதீங்க. உங்கள நல்லவர்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்." அவள் உள்ளே போய்விட்டாள்.

தம்பி செருப்பை மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியிருப்பான். அண்ணன் பின்னாலேயே வந்தார். உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி அவன் கேட்டதே இல்லை.

"டேய், மச்சான் வீட்டாளுங்க முன்னாடி நான் வாயத் தொறக்க மாட்டேன். அந்த லிஃப்ட் கதையெல்லாம் சொல்ல மாட்டேன். நீ தைரியமாக் கூட்டிட்டுப் போ."

எதற்காகத் தன்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தான் என்பது அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. தம்பியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"நீ பேசாம எப்படிண்ணே இருப்ப," என்றான்.

"பழகிக்கிறேன்டா," என்றார் அண்ணன்.