பேர் மாறி வந்த சண்டை

சவால் வந்தபோது சைமி காவ்லி கூண்டுக் குருவிக்குத் தினை போட்டுக்கொண்டிருந்தார். போனில் ஒரு வீடியோ. ஓனி டோரன் சட்டையில்லாமல் தன் வண்டிவீட்டு வாசலில் நின்று, தொப்பை குலுங்கக் கத்திக்கொண்டிருந்தான்.

"டேய் சைமி காவ்லி! ஞானஸ்நான விருந்துல எங்கப்பனைப் பத்தி என்னடா சொன்னே? பாதிச் சண்டையிலயே போதும் போதும்னு கையெடுத்துக் கும்பிட்டாருன்னா சொன்னே? ஆம்பளையா இருந்தா வெறுங்கையோட வாடா. உன் மூக்கைப் பேத்து உன் பாக்கெட்லயே போட்டு அனுப்பலைன்னா நான் டோரன் இல்லடா!"

சைமி திரும்பவும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். அவர் சமீபத்தில் எந்த ஞானஸ்நானத்துக்கும் போகவில்லை. ஓனியின் அப்பா குட்டையா நெட்டையா என்றுகூடத் தெரியாது. ஓனியைத் தெரியும், அவ்வளவுதான். ஒரு தடவை அவனுக்குக் கம்பளம் விற்றிருக்கிறார்.

மனைவி வின்னி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "யோவ், இது உனக்கில்ல. லாங்ஃபர்டுல உன் பெரியப்பா மகன் செம்பட்டை சைமி இருக்கானே, அவனுக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, இந்த முட்டாப்பய நம்பரை மாத்தி அமுக்கிட்டான். ஆள் தப்புன்னு சொல்லிட்டு வேலையைப் பாரு."

சைமி மூக்கைத் தடவிக்கொண்டார். வண்டிவீட்டுச் சனத்தில் குடும்பத் தகராறை இப்படி வெறுங்கையோடு ஒருவருக்கொருவர் மோதித் தீர்ப்பதுதான் வழக்கம். அவருடைய அப்பா அப்படிச் சண்டை போட்டவர். அண்ணன்மார் எல்லாரும் போட்டவர்கள். மூச்சிரைப்பு நோய்க்காரனான மச்சான்கூட ஒரு பெட்ரோல் பங்க் பின்னால் எவனோடோ மோதி அரைப் பல்லை விட்டுவிட்டு வந்தவன். கல்யாண வீடுகளில் ஆண்கள் கூடி உட்கார்ந்து, இந்த எலும்பு யாரால் உடைந்தது, அந்தத் தையல் எதற்குப் போட்டது என்று பேசும்போது, சைமி எல்லாருடைய கோட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். இத்தனை வயசுக்கும் அவர் மூக்கு நேராக இருந்தது. ஊனமுற்றவரைப் பார்ப்பதுபோலச் சனங்கள் அதைப் பார்த்தார்கள். அவரை அடிக்க வேண்டுமென்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

"என்னைக் கூப்பிட்டிருக்கான், வின்னி," என்றார்.

"உன்னைக் கூப்பிடலைய்யா!"

"பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டான். காவ்லி வரலைன்னு பேச்சு வந்தா யாருக்கு அசிங்கம்? போனைப் பிடி. பதில் அனுப்பணும்."

வின்னி தலையில் அடித்துக்கொண்டே போனைப் பிடித்தாள். சைமி சட்டையைக் கழற்றினார். குளிர் தாங்காமல் திரும்பப் போட்டுக்கொண்டார். "ஓனி, நல்லாயிருக்கியாப்பா? உன் சவால் கிடைச்சுது. ரொம்பச் சந்தோஷம். வந்துடறேன். வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லு," என்றார்.

"இதுவா சவாலு? மொய் எழுதப் போறவன் மாதிரி பேசுறே," என்றாள் வின்னி.

டலமோர் ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் முள்வேலி அடர்ந்த ஒரு சந்தில் சண்டை ஏற்பாடானது. வழக்கப்படி இரண்டு குடும்பத்துச் சனமும் வரக்கூடாது. வந்தால் ஒற்றைச் சண்டை ஊர்ச் சண்டையாகிவிடும். எல்லாரும் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நடுவராக இரண்டு பக்கமும் சேராத பீலிக்ஸ் கானர்ஸ் வந்திருந்தார். கழுத்தே இல்லாத பெரிய மனிதர். வீடியோ எடுக்க அவருடைய மருமகன்.

நடுவர் காரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஓனி மெல்லப் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான். "அண்ணே, மன்னிச்சுக்க. கம்பளக்காரர்னு ஒரு நம்பர், சைமின்னு ஒரு நம்பர் வச்சிருந்தேன். என் பொண்ணு ரெண்டையும் சைமி காவ்லின்னு மாத்தி வச்சிட்டா. இப்ப வாபஸ் வாங்கலாம்னா அதுக்குள்ள இங்கிலாந்துல இருக்கிறவன் வரைக்கும் பார்த்துட்டான். பயந்துட்டேன்னு சொல்லுவானுங்க."

"பரவால்லப்பா. எனக்கு ஒண்ணும் சிரமமில்லை."

"ரெண்டு அடி லேசாப் போட்டுக்கிட்டு முடிச்சுக்குவோமா?"

"லேசாவா?" சைமிக்கு முகம் வாடிவிட்டது.

பீலிக்ஸ் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். "கடிக்கக் கூடாது. தலையால முட்டக் கூடாது. விழுந்தவனைத் தொடக் கூடாது. போதும்னு சொன்னவன் தோத்தவன். சரி, என்ன தகராறு, சொல்லுங்க."

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"தகராறு என்னன்னு கேட்டேன். காரணம் இல்லாம அடிச்சுக்கிட்டா அது ரவுடித்தனம். அதுக்கு நான் நடுவரா நிக்க மாட்டேன்."

ஓனி தொண்டையைக் கனைத்தான். "இவர் வித்த கம்பளம் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கலை. சாயம் போயிடுச்சு."

"உண்மைதான்," என்றார் சைமி. "நான் விக்கும்போதே சொன்னேனே?"

"சொன்னாரு," என்று ஓனி ஒப்புக்கொண்டான். பிறகு கொஞ்சம் யோசித்து, "இவர் வேன் பழைய தகரம்," என்றான்.

"அதுவும் சரிதான். மழையில ஸ்டார்ட் ஆகாது."

பீலிக்ஸுக்குப் பொறுமை போனது. "என்னப்பா இது, பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி தலையாட்டிக்கிட்டு? சைமி, நீயாவது அவனை ஏதாவது சொல்லு!"

சைமி முழு மூச்சாக யோசித்தார். ஓனியிடம் குறை என்று எதுவும் படவில்லை. கடைசியில் வீடியோதான் கைகொடுத்தது. "நீ சவால் விடும்போது பின்னால உங்கம்மா சமைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஜன்னல் வழியா ஒரே கரும்புகை. உருளைக்கிழங்கு கருகிடுச்சோன்னு எனக்கு வருத்தமா இருந்துச்சு."

ஓனியின் காது சிவந்தது. "எங்கம்மா சமையலையா சொல்றே?"

"குத்தமாச் சொல்லலைப்பா. புகைஞ்சுது, அதைத்தான்..."

"எங்கம்மா கருக விட்டாளா? எங்கம்மாவா?"

"ஆச்சு, காரணம் கிடைச்சுது," என்று பீலிக்ஸ் கையைத் தட்டி ஒதுங்கினார்.

முதல் குத்து சைமியின் வாயில் விழுந்தது. உலகம் ஒரு கணம் வெள்ளையாகிப் போனது. அவருக்கு வந்தது வலியைவிட ஆச்சரியம்தான். இதைத்தான் எல்லாரும் இத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருந்தார்களா! அடுத்தது விலாவில். மூன்றாவதுக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை வீச, அது ஓனியின் புருவத்தில் போய்ப் பட்டது. "நல்ல அடிண்ணே," என்று ஓனியே சொல்லிவிட்டான். பிறகு அம்மா ஞாபகம் வந்து திரும்பவும் பாய்ந்தான்.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சந்தின் முனையில் மாடுகள் தெரிந்தன. பால் கறக்க ஓட்டிவந்த ஒரு விவசாயியின் மந்தை. பீலிக்ஸ் சண்டையை நிறுத்தினார். நான்கு பேரும் முள்வேலியோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். மாடுகள் அவசரமே இல்லாமல் போயின. ஒரு மாடு வேலியில் தொங்கிய ஓனியின் சட்டையைக் கவ்விக்கொண்டு நடந்தது. கடைசியாக வந்த விவசாயி தொப்பியைத் தூக்கி, "யாரு ஜெயிக்கிறது?" என்று கேட்டார்.

"இன்னும் சொல்ல முடியாது," என்றார் பீலிக்ஸ்.

திரும்பச் சந்துக்கு நடுவே வந்தால் தரையெல்லாம் சாணம். ஓனி குத்த வந்தான், வழுக்கி விழுந்தான். விழுந்தவனைத் தொடக்கூடாது என்பதால் சைமி காத்திருந்தார். அவன் எழுந்ததும் இவர் கையை ஓங்கினார், இவர் விழுந்தார். ஓனி காத்திருந்தான். அப்புறம் ஒருவர் எழும்போதெல்லாம் இன்னொருவர் விழுந்துகொண்டே இருந்தார். கடைசியில் இருவரும் சாணத்தில் உட்கார்ந்தபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"போதும்னு சொல்றியா?" என்றான் ஓனி.

"நீ சொல்றியா?"

"நான் ஏன் சொல்றேன்?"

"அப்ப நானும் சொல்லலை."

பீலிக்ஸ் தன் காலணியைப் பார்த்தார். புது ஜோடி. "சமம்," என்று தீர்ப்புச் சொன்னார். மருமகன் பக்கம் திரும்பி, சந்தில் ஆயிரம் பேர் நிற்பதுபோல உரக்க அறிவித்தார். "டோரன் கூப்பிட்டது சைமி காவ்லியை. வந்தது சைமி காவ்லி. ரெண்டு பேரும் நியாயமா நின்னாங்க. டோரனுக்கும் சைமி காவ்லிக்கும் இருந்த தகராறு இதோட தீர்ந்துது. இனி இதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது!"

சைமியும் ஓனியும் கை குலுக்கினார்கள். ஓனிக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. சைமி வேனிலிருந்து ஒரு சின்னக் கம்பளத்தை எடுத்து அவன் தோளில் போர்த்திவிட்டார்.

மறுநாள் மத்தியானம் செம்பட்டை சைமி லாங்ஃபர்டிலிருந்து வந்து இறங்கினான். கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான்.

"அது என் சண்டைண்ணே! அந்த ஞானஸ்நானத்துல பேசினது நானு. விடியக்காலையில எந்திரிச்சு ஓடி, உப்புத் தண்ணியில கையை ஊற வச்சுத் தயாரானதும் நானு. இப்ப ஓனிக்குப் போன் போட்டா, 'உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல, எல்லாம் தீர்ந்துடுச்சு'ங்கிறான். பீலிக்ஸும் அதையேதான் சொல்றாரு. நான் யார்கூடச் சண்டை போடறது?"

வின்னி கணவனின் வீங்கிய கண்ணில் ஐஸ் மூட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். "கத்தாதே. குருவி பயப்படுது. உட்காரு," என்றாள். அவன் முன்னால் முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் வைத்தாள். செம்பட்டை சைமி உர்ரென்று சாப்பிட்டான். எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிட்டு, தட்டைத் தள்ளிவிட்டு, கொஞ்ச நேரம் மேஜையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வீடியோல மாடு மறைச்சுடுச்சு," என்றான் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "ஊரெல்லாம் சைமி காவ்லி அடிச்சான்னுதானே பேசுது, அதுல நானும்தானே வரேன். நல்லாத்தான் அடிச்சேனா?"

சைமி ஐஸ் மூட்டையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வெடித்த உதட்டால் பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனாலும் அவர் அவசரப்படவில்லை.

"புருவத்துல ஒண்ணு விட்டே பாரு தம்பி," என்று ஆரம்பித்தார், "அவனே அசந்து போயிட்டான்."