உளுந்து மேல் உட்கார்ந்தவன்

எண்பத்து நாலாம் வருஷம், நோன்பு மாதம். ரங்கூன் கப்பல் இரண்டு வாரம் தாமதம் என்று கிள்ளான் மொத்த வியாபாரி போனில் சொன்னதும், எனக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்த புத்திசாலி விழித்துக்கொண்டான். கோலா சிலாங்கூரில் வேறெந்தக் கடையிலும் உளுந்து இல்லை. என்னிடம் ஒன்பது மூட்டை இருந்தது. விலை ஏறட்டும் என்று எட்டைச் சரக்கறைக்குள் தள்ளினேன். ஒன்பதாவதற்கு இடமில்லை. பழைய சாக்கால் மூடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"உளுந்து இல்லை லா, கப்பல் வரலை" என்று மூன்று நாள் எல்லாரிடமும் சொன்னேன். சொன்னது நோன்பு வைத்த வாய்தான்.

நாலாம் நாள், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி அன்னபாக்கியம் பஸ் பிடித்து வந்தார். கையில் ஒரு பால்மாவு டின்.

"உதுமான் பாய், கடையிலேயே உளுந்து இல்லையெண்டால் உங்கட வீட்டிலை எப்பிடி இருக்கும்? உங்கட மனுசி ஹமீதா நோன்பு திறக்க வடை சுடவேணுமெல்லே. எங்களிட்டைக் கொஞ்சம் இருந்தது, பாதி கொண்டந்தனான்."

எழுந்து வாங்குவதுதான் மரியாதை. எழுந்தால் மூட்டை தெரியும்.

"என்ன பாய், காலிலை நோவோ?"

"ஆமாம்மா, வாதம்."

"பாவம்" என்று டின்னை என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கப்பல் வந்துவிட்டது, என் கடைக்கு மட்டும். ஒன்பது மூட்டையையும் பழைய விலைக்கே விற்றேன். சேதி கேட்டு அன்னபாக்கியமும் வந்தார்.

"பாத்தியளே பாய், உங்கட நல்ல மனசுக்குத்தான் கப்பல் முந்தியே வந்திட்டுது. கால் எப்பிடி?"

"தேவலாம்மா" என்றேன். நின்றுகொண்டுதான் இருந்தேன். தலையைத்தான் நிமிர்த்த முடியவில்லை.