டுவெய்னின் கோணல் துப்பாக்கி

கோணலாக இருக்கும் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க ஆர்லன் வாஸால் முடியாது. பல் டாக்டரின் சுவரில் மாட்டிய படம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தால்கூட எழுந்துபோய் அதை நிமிர்த்திவிட்டுத்தான் வாயைத் திறப்பார். தேவாலயத்தில் மெழுகுவத்தி சாய்ந்திருந்தால் பிரசங்கம் முழுக்க நெளிந்துகொண்டிருப்பார். கல்யாணத்துக்கு முன்பு என் முன்பல்லை இந்த மனுஷன் சரியாகப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் குறட்டோடு வந்து நின்றிருப்பார் என்று அவர் மனைவி வெர்னா நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போடுவது ஆர்லனின் வேலை. வேலை போக மீதி நேரமெல்லாம் கார்கொட்டகையில்தான். பழைய பீபி துப்பாக்கிகளை வாங்கி உயிர் கொடுப்பார். சின்ன வயதில் எல்லாரும் வைத்திருந்து, எங்கேயோ தொலைத்த சாமான் அது. நெம்புகோலை இழுத்து விட்டால் உள்ளே வில்சுருள் இறுகும். விசையைத் தட்டினால் மிளகளவு இரும்புக் குண்டு ஒன்று காற்றழுத்தத்தில் பாயும். வீட்டு வாசல் விற்பனையில் யாராவது துருப்பிடித்த ஒன்றைக் குப்பையோடு குப்பையாக வைத்திருப்பார்கள். ஆர்லன் அதை வாங்கிவந்து, பிரித்து, வினிகரில் ஊறவைப்பார். உள்ளே உலர்திராட்சை மாதிரி சுருங்கிக் கிடக்கும் தோல் வளையத்துக்கு எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருப்பார். அது ஊறி உப்பி, துப்பாக்கி மறுபடி 'டப்' என்று பேசும்போது, வெர்னாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார். வெர்னாவும் ஒவ்வொரு தடவையும் வந்து கேட்டுவிட்டு, போன துப்பாக்கியும் இதையேதான் சொன்னது என்பார்.

இப்படிப் பதினொன்று சேர்ந்திருந்தன. சனிக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் கொல்லைப்புறத்துக்கு வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு கிரெட்டாவுக்குப் பத்து வயது, தலைவி அவள்தான். அவள் தம்பி டோபிக்கு ஆறு. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் துப்பாக்கியைத் தொடக்கூடாது, வெள்ளைக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று இரண்டே சட்டம். வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவற்றின் முன்னால் கம்பியில் ஐந்து தகர டப்பாக்களைச் சாண் இடைவெளியில் தொங்கவிட்டிருந்தார்: சோளம், பட்டாணி, பீன்ஸ், தக்காளி, பூசணி. எதைச் சுடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சுட வேண்டும். பட்டால் டப்பா 'டிங்' என்று ஆடும்.

அந்த வசந்தத்தில் வெர்னாவின் அண்ணன் டுவெய்ன், களஞ்சியத்தைச் சுத்தம் செய்தபோது அகப்பட்டதாக ஒரு தீவன மூட்டையைத் தூக்கிவந்தார். உள்ளே ஒரு பீபி துப்பாக்கி. பதினொரு வயதில் கிறிஸ்துமஸுக்குக் கிடைத்ததாம். என் மானத்தை வாங்கிய சனியன் இது, எடுத்துக்கொள், என் கண்ணில் மட்டும் படவிடாதே என்றார்.

அந்தக் கதை ஆர்லனுக்கு மனப்பாடம். டுவெய்னின் அப்பா வேலிக் கட்டையின்மேல் ஒரே ஒரு டப்பாவை வைத்து, மகனின் பின்னால் நின்று, நேராகப் பார்த்துச் சுடு என்பார். டுவெய்ன் நேராகப் பார்த்துத்தான் சுடுவான். டப்பா அசையாது. பின்னால் திறந்த வயல். குண்டு எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த அப்பா, பையனுக்குக் கண்ணில் கோளாறு என்று முடிவு கட்டி டாக்டரிடம் கூட்டிப்போனார். கோளாறு ஒன்றும் இல்லை என்ற டாக்டரிடம் சண்டை போட்டு ஒரு கண்ணாடியும் வாங்கி மாட்டினார். அதோடு, களஞ்சியத்துக்கு உள்ளே நின்று சுட்டால்கூடச் சுவரில் படாது என்ற பெயர் டுவெய்னுக்கு நிலைத்துவிட்டது. தங்கையைக் கட்டிய நாளிலிருந்து முப்பத்தைந்து வருஷமாக அந்தப் பெயரைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டவர் ஆர்லன்.

துப்பாக்கியைப் பிரித்து, துரு நீக்கி, எண்ணெய் விட்டு, சனிக்கிழமை மேஜையில் மற்ற பதினொன்றோடு வைத்தார். பிள்ளைகள் எடுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். முதல் அரைமணி நேரம் சொன்ன டப்பா ஒன்றும் ஆடவில்லை. பிறகு, சோளம் என்று சொல்லிவிட்டு கை தவறிப் பட்டாணியைக் குறிபார்த்துவிட்ட டோபிக்குச் சோளம் 'டிங்' என்றது. கிரெட்டா துப்பாக்கியை வாங்கி ஐந்தாறு முறை சுட்டாள். விஷயம் புரிந்துவிட்டது. இது சரியாக ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிச் சுடுகிறது. சோளம் வேண்டுமென்றால் பட்டாணியைப் பார்க்க வேண்டும், பட்டாணி வேண்டுமென்றால் பீன்ஸை. கடைசிப் பூசணிக்கு அந்தப் பக்கத்து வெறும் காற்றை.

அதற்கப்புறம் அந்த ஒரு துப்பாக்கிக்குத்தான் வரிசை. நேராகச் சுடும் பதினொன்றும் பளபளவென்று மேஜையில் படுத்துக் கிடந்தன. ஆர்லன் ஒருமுறை, இதோ பாருங்கள், இந்தக் கைப்பிடிக் கட்டையின் வால்நட் மரத்தை மூன்று வாரம் தேய்த்திருக்கிறேன் என்று ஒன்றை எடுத்து நீட்டினார். கிரெட்டா மரியாதையாக வாங்கி, ஐந்துக்கு ஐந்து அடித்து, நல்லா இருக்கு மிஸ்டர் வாஸ் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கோணல் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

கோடை முழுக்க ஆர்லன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பட்டாணியை முறைத்துச் சோளத்தை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கழுத்தில் அரித்தது. ஆகஸ்டில் பள்ளி திறந்து கொல்லைப்புறம் காலியான ஒரு புதன்கிழமை மத்தியானம், துப்பாக்கியைப் பட்டறைப் பிடியில் கவ்வவைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். குழாயின் நுனியில் குறிபார்க்க நிற்கும் சின்னத் தகடு, நகத்தின் கனம் அளவுக்கு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. பித்தளைச் சுத்தியலால் இரண்டு தட்டு. வெளியே போய் ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் பார்த்த இடத்தில் பட்டன.

கழுத்து அரிப்பு நின்றது. ஆனால் வேறொன்று ஆரம்பித்தது. பெட்டியிலிருந்து வந்த நாளிலேயே இந்தத் தகடு சாய்ந்திருக்க வேண்டும். அப்படியானால் டுவெய்ன் நேராகத்தான் சுட்டிருக்கிறார். வேண்டாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பதினொரு வயதுப் பையனை நினைத்தபோது ஆர்லனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. உடனே போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் முப்பத்தைந்து வருஷத்துக் கேலியை ஒரே போனில் விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? விடுமுறைக்கு எல்லாரும் வருகிறார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று துப்பாக்கியை மேஜையிலேயே வைத்துவிட்டார். பிள்ளைகளிடமும் மூச்சுவிடவில்லை. அந்தச் சனிக்கிழமை மழை பெய்ததில் அவர்களும் சுட வரவில்லை. இத்தனை நாள் கோணலில் இவ்வளவு அடித்தவர்கள், நேராக இருந்தால் எப்படி அடிப்பார்கள் என்று ஓர் ஆசையும் இருந்தது.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, அமெரிக்காவின் தொழிலாளர் நாள். டுவெய்ன் சோளக்கதிர் ஒரு கூடை கொண்டுவந்திருந்தார். வெர்னாவின் உருளைக்கிழங்கு சாலட் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. கையால் சுற்றும் மரவாளி ஐஸ்கிரீம் எந்திரத்தை உப்பும் ஐஸும் போட்டு ஆர்லன் தயாராக வைத்திருந்தார். அதைச் சுற்றுவது முக்கால் மணி நேரத் தோள்வலி. கிரெட்டா டுவெய்னிடம் போய், போட்டிக்கு வர்றீங்களா, தோத்தவங்க சுத்தணும் என்றாள். டுவெய்ன் நழுவப் பார்த்தார். நான் சுற்றியே விடுகிறேன், சுடவெல்லாம் வேண்டாம் என்றார். வெர்னாதான் விடவில்லை. கிரெட்டா கோணல் துப்பாக்கியைத்தான் எடுத்தாள். டுவெய்னுக்கு அதைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

கிரெட்டா, சோளம் என்று சொல்லிவிட்டுப் பட்டாணியைக் குறிபார்த்துச் சுட்டாள். பட்டாணி 'டிங்' என்றது. பட்டாணி என்றாள், பீன்ஸ் ஆடியது. பீன்ஸ் என்றாள்; தக்காளி ஆடியது. தக்காளி என்றாள்; பூசணி ஆடியது. பூசணி என்று காற்றைச் சுட்டபோது, காற்றுக்குப் பின்னால் இருந்த வைக்கோலிலிருந்து ஒரு துரும்பு பறந்தது. ஐந்துக்குப் பூஜ்யம். டோபி முதலியோரும் அதே வரிசையில் பூஜ்யம் வாங்கினார்கள். ஆர்லன் தன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு மேகத்தைப் பார்த்தார்.

டுவெய்ன் வெள்ளைக் கோட்டில் வந்து நின்றார். பெருமூச்சு விட்டார். சோளம் என்றார்; சோளத்தைப் பார்த்தார்; அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். 'டிங்.' டுவெய்ன் துப்பாக்கியை இறக்கி, யாராவது கல் எறிந்தார்களா என்பதுபோலச் சுற்றிப் பார்த்தார். பட்டாணி. 'டிங்.' பீன்ஸ். தக்காளி. பூசணி கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவும் ஆடியது.

கிரெட்டாதான் முதலில் பேசினாள். அவள் பார்வை டுவெய்ன்மேல் இல்லை.

"மிஸ்டர் வாஸ், யாரோ இந்தத் துப்பாக்கியக் கெடுத்து வச்சிருக்காங்க."

"கெடுக்கல. சரி பண்ணேன்," என்றார் ஆர்லன்.

"யாரைக் கேட்டு?"

ஆர்லன், ஒரு தகட்டை இரண்டு தட்டு தட்டியதை இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தார். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அதனால் குண்டு எந்தப் பக்கம் போனது, எப்போதிலிருந்து அப்படி இருந்திருக்கும் என்று வந்தபோது குரல் தாழ்ந்துவிட்டது.

டுவெய்ன் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் அந்தக் கண்ணாடியப் போட்டேன், வெர்னா," என்றார். "ஒரு கோழி ரெண்டு கோழியாத் தெரியும். முட்டை எடுக்கப் போயி இல்லாத கோழிக்கடியில எல்லாம் கைய விட்டிருக்கேன்."

வெர்னா சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். டுவெய்ன் மட்டும் தகட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அப்பா இருந்தா இப்பவே போயிக் கூட்டிட்டு வந்திருப்பேன்," என்றார். "ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. ஆனா வந்து நின்னு பாத்திருப்பாரு."

பிறகு அவர் தலையைத் தூக்கினார். "ஆமா ஆர்லன், இது உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை," என்றார் ஆர்லன்.

"இன்னிக்குத் திங்கள்."

"அஞ்சு நாளா என்னைப் பாத்துத் தானாச் சிரிச்சுக்கிட்டிருந்தியே, இதுதானா?" என்றார் வெர்னா.

தீர்ப்பு சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. பிள்ளைகளும் தோற்கவில்லை, டுவெய்னும் தோற்கவில்லை, ஆகவே ஆர்லன்தான் தோற்றார் என்றாள் கிரெட்டா. முக்கால் மணி நேரம் அவர் எந்திரத்தைச் சுற்றினார். டோபி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நிறுத்தும்போதெல்லாம் நிறுத்துகிறார் என்று சத்தமாக அறிவித்தான்.

ஐஸ்கிரீம் முடிந்ததும் பிள்ளைகள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு டுவெய்னிடம் போனார்கள். இது முதலில் உங்களுடையது, பழையபடி வளைக்கச் சொல்லலாமா என்று கேட்டார்கள். ஆர்லன் அவசரமாக, பாவம் அவர், அவருடைய துப்பாக்கி இப்போதுதான் நேராகியிருக்கிறது என்றார். டுவெய்ன் கரண்டியை நக்கிக்கொண்டே யோசித்தார்.

"நான் அடிச்சத எல்லாரும் பாத்தாச்சு," என்றார். "இனி அது உங்க துப்பாக்கி. வளைச்சுக்கங்க."

வளைப்பது நேராக்குவதைவிடக் கஷ்டம் என்று ஆர்லனுக்கு அன்றுதான் தெரிந்தது. நல்ல நிலையில் இருக்கும் தகட்டின்மேல் சுத்தியலை ஓங்க அவர் கை வரவேயில்லை. மூன்று முறை ஓங்கி மூன்று முறை இறக்கினார். டுவெய்ன், நான் வேண்டுமானால் தட்டட்டுமா, எனக்குக் குறி தவறாது என்றார். அதைக் கேட்டதும் ஆர்லனின் சுத்தியல் விழுந்தது. கொஞ்சம் பலமாகவே விழுந்தது. சுட்டுப் பார்த்தால் குண்டு ஒன்றரைச் சாண் இடப்பக்கம் போனது. ஆர்லன் மறுபடி சுத்தியலைத் தூக்க, கிரெட்டா துப்பாக்கியைப் பிடியிலிருந்தே உருவிக்கொண்டாள். போதும், இது இன்னும் நல்லா இருக்கு என்றாள். சாயங்காலத்துக்குள் பிள்ளைகளுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. சோளத்துக்குப் பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் நடுவே பார்க்க வேண்டும். ஆர்லனும் ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் வைக்கோலுக்குப் போயின. அவரால் கண்ணைச் சோளத்திலிருந்து எடுக்க முடியவில்லை. அடுத்த ஆளுக்கு வழிவிடுங்க மிஸ்டர் வாஸ் என்றான் டோபி.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, டுவெய்னின் வண்டி வந்து நின்றது. ஏலத்தில் எடுத்ததாம், கையில் துருப்பிடித்த ஒரு பீபி துப்பாக்கி. வாழ்நாளில் அவர் தன் கைக்காசில் வாங்கிய முதல் துப்பாக்கி அது. ஆர்லன் ஆவலோடு வாங்கி, கண்ணருகே தூக்கி, ஒரு கண்ணை மூடி, குழாயின் நீளத்தைப் பார்த்தார்.

"துருவ எடு, எண்ணெய் விடு, தோல மாத்து," என்றார் டுவெய்ன். "குறிய மட்டும் தொடாத. அது எங்க சுடுதுன்னு நானே பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, மேஜையிலிருந்து ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கோணல் துப்பாக்கி வரிசையில் டோபிக்குப் பின்னால் போய் நின்றார்.