வாசல் விளக்கும் கிடார் இரைச்சலும்

எங்கள் வீட்டு வாசல் விளக்கு அணைந்திருந்தால் உள்ளே பிணம் கிடக்கிறது என்று அர்த்தம். வல்லம் வடகாலில் பால் குடிக்கும் பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். ஊருக்கு மின்சாரம் வந்தபோது முதல் விளக்கை எங்கள் வாசலில் ஏற்றிவைத்து என் தகப்பனார் சொன்ன வார்த்தை அது. அந்தி சாய்ந்தால் எரியும், விடிந்தால்தான் அணையும். அவர் காலமான அன்று வாசல் இருண்டு கிடந்தது. என் தாயார் காலமான அன்றும் அப்படித்தான். பிணம் வாசலைத் தாண்டியதும் ஏற்றிவிடுவோம். ஒன்று போனால் இன்னொன்று எரியட்டும் என்று ஒரே கூண்டில் இரண்டு பல்பு போட்டு வைத்திருந்தேன்.

அந்த விளக்குக்கும் என் மருமகன் ரகுபதியின் கிடாருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று 1991 வரையில் எனக்குத் தெரியாது.

சசிகலா எங்களுக்கு ஒரே பெண். ரகுபதி சுங்குவார்சத்திரத்துப் பையன். ஒரு கம்பெனியில் மின்சார மெயின்டனன்ஸ் வேலை. வேலையைப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்து, வீட்டோடு வைத்துக்கொண்டேன். கல்யாண மேடைகளில் கிடார் வாசிப்பவர் என்பதைப் பெண் பார்க்க வந்த அன்று யாரும் சொல்லவில்லை. பிறகு தெரிந்தது. நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டே கேட்கும் இடத்தில் என் மருமகன் கம்பியைத் தட்டுகிறார் என்பதை நான் விழுங்கிக்கொண்டேன்.

அந்த ஆவணியில் சென்னையில் ஒரு கச்சேரிக் குழுவில் கிடார்க்காரர் இடம் காலியாக இருந்தது. இவர் வாசித்த கேசட்டை அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். "வாசிக்கிறது நீயா, வண்டா?" என்று கேட்டார்களாம். கேசட் முழுக்க ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். சுத்தமாக ஒன்று பதிந்து கொடுத்தால் கேட்டுப் பார்ப்பதாகக் கடைசியாக ஒரு தவணை கொடுத்தார்கள்.

நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் அவர் அந்த இரைச்சலைத் துரத்தத் தொடங்கினார். டியூப்லைட்டை அணைத்தார், கொஞ்சம் குறைந்தது. ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றினார், இன்னும் கொஞ்சம். கிடாரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நாலு திசையும் திரும்பிப் பார்த்து, எந்தப் பக்கம் நின்றால் இரைச்சல் அடங்குகிறது என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். டீக்கடையிலிருந்து தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித்தாளை வாங்கிவந்து கிடாரின் வயிற்றுக்குள் ஒட்டினார். "மாப்பிள்ளை வாத்தியத்துக்குப் பூணூல் கல்யாணம் பண்றாரு" என்று என் மனைவி சரோஜாகூடச் சிரித்தாள்.

இரைச்சல் போகவில்லை. எர்த் சரியில்லை என்று, வாசல் ஓரமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிக் கம்பி புதைத்து, அறைக்கு இழுத்தார். அதன் பிறகு இரைச்சல் இரண்டு மடங்கு ஆயிற்று. அந்தக் கம்பியை எடுத்தாலோ, கிடாரைத் தொட்ட கை சுர்ரென்கிறது என்றார்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன் கேசட் பஸ் ஏற வேண்டும் என்ற நிலையில், அந்தி நேரத்தில் என் முன் வந்து நின்றார். கையில் டெஸ்டர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மாமா, கண்டுபுடிச்சிட்டேன். நம்ம வாசல் லைட்டுதான்."

"அதுக்கு இன்னா?"

"அது வீட்டு மீட்டர்ல இல்ல மாமா. வயல் மோட்டார் லைன்ல இருந்து ஒரு கம்பி வருது. அந்தாண்ட கம்பிக்குப் பதிலா மண்ணுல குழாய அடிச்சி வெச்சிருக்கு. கரண்டு மண்ணு வழியா திரும்புது. நான் தோண்டின குழி அதுக்குப் பக்கத்துலயே இருக்குதா, அவ்ளோ சத்தமும் உள்ள ஏறிக்குது. லைட்ட நிறுத்தினா சுத்தமா நின்னுடும். அரை மணி நேரம் போதும்."

"விளக்க நிறுத்தணும்."

"ஆமா மாமா."

"யாரு செத்தது?"

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். "ஒரு பல்புதானே மாமா. அதுவும் திருட்டு பல்பு. ஞாயித்துக்கெழம நானே முறையா வயர் இழுத்துக் குடுத்துடறேன். யாருக்கும் தெரியாது."

மண்ணை மறு கம்பியாக வைத்து இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் விளக்கு எரிந்தது. அது வேறு. மின்கம்பம் நாலு எங்கள் நஞ்சையில் நிற்கிறது. நாங்கள் வாடகை கேட்டதில்லை. என் தகப்பனார் ஏற்றிய விளக்கைத் திருட்டு என்று சொன்ன வாய், என் வீட்டுச் சோற்றைத் தின்ற வாய்.

"மாப்ளே, ரிப்பேர் வேலையெல்லாம் கம்பெனில வெச்சுக்குங்க. என் வூட்டுல வேணாம்."

சசிகலா கதவோரம் நின்றிருந்தாள். "அப்பா, இத விட்டா அவருக்கு வேற வராதுப்பா."

"வரலன்னா நம்ம வூட்டு உலை கொதிக்காதா?"

நான் துண்டைப் போட்டுக்கொண்டு கோயில் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் தேர் வடம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்டது. என் பங்காளி அண்ணாதுரை எழுந்து எட்டிப் பார்த்தான். அவனும் நானும் ஒரே பாட்டனுக்குப் பேரன்கள். என் தலை குனிவதைப் பார்க்க உயிரோடு இருப்பவன்.

"அண்ணே, உன் வாசல்ல லைட்டு இல்ல."

தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. என் வாசல் மட்டும் கிணறு மாதிரி இருண்டிருந்தது. முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நடுவில், ஊரில் எந்தச் சாவென்றாலும் ஒப்பாரி வைக்கும் கிளியம்மாள் தலையை விரித்துப் போட்டு மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய வூட்டுத் தூணு சாஞ்சிருச்சே! இனி எங்க பஞ்சாயத்துக்கு யாரு வாசல்ல போயி நிப்பேன், என் ராசா!"

என்னைத்தான் அழுகிறாள் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. மாலையோடு ஓடிவந்த எங்கள் பண்ணையாள் மண்ணாங்கட்டி என் மேல் மோதினான். ஏறிட்டுப் பார்த்து அலறினான்.

"பெரியய்யா! மேளத்துக்குச் சொல்லிட்டேனே!"

ஒப்பாரி அறுந்தது. அண்ணாதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன் சாவுக்கு நீயே லேட்டா வர்றியேண்ணே!"

"அப்போ யாரு?" என்றாள் கிளியம்மாள். "அம்மாவா?" சத்தம் கேட்டு சரோஜா அப்போதுதான் வாசற்படிக்கு வந்து நின்றாள். பக்கத்துச் சுவரில் இருந்த சுவிட்சின் மேல் கை வைத்தபடி சசிகலா. எல்லாக் கண்களும் என்னிடம் திரும்பின.

"ரெண்டு பல்பும் ஒண்ணா போவாதே" என்றான் அண்ணாதுரை. சிரிப்பு நின்றிருந்தது. "லைன்ல கோளாறா இருக்கும். டேய், ஏணி கொண்டாங்க. கம்பி எங்கருந்து வருதுன்னு பாத்துடலாம்."

அந்த அமைதியில்தான், மூட்டைகளுக்கு அப்பாலிருந்து கிடார் கேட்டது. ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. துடைத்து வைத்த வெண்கலம் போல இருந்தது. நன்றாகத்தான் வாசித்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒருவன் ஏணியைச் சாய்த்தான். அண்ணாதுரை முதல் படியில் கால் வைத்தான்.

"எறங்குடா" என்றேன். "கோளாறு இல்ல. சாவுதான்."

"யாரு?"

"எங்க மாப்பிள்ளை."

கிளியம்மாள் மறுபடி வாயைத் திறந்தாள். அதற்குள் ரகுபதி கிடாரைத் தோளில் மாட்டியபடி வெளியே ஓடிவந்தார். கூட்டத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

"சசி! முடிஞ்சிடுச்சு! ஒரே தடவைல! கேளேன், ஒரு துளி சத்தம் இல்ல..."

அப்புறம்தான் பார்த்தார்.

"அடக் கடவுளே, இன்னா பெரியய்யா இது? இங்க நிக்கிறாரே!" என்றாள் கிளியம்மாள்.

"நிக்கிறது உனக்குத் தெரியுது. எனக்குத் தெரியல."

மண்ணாங்கட்டியின் கையிலிருந்து மாலையை வாங்கினேன். எனக்காக வாங்கிய மாலை, நல்ல சம்பங்கி. அதை ரகுபதியின் கழுத்தில் போட்டேன். அவர் விலகவில்லை. விலகலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"சரோஜா, சாணி கரை."

"ஏங்க, வேணாங்க..."

"கரை."

அவள் போனாள். ரகுபதி என் பக்கம் திரும்பினார். "மாமா, தப்புதான். மன்னிச்சிடுங்க. நான் போயிடறேன். அந்தக் கேசட்ட மட்டும் எடுத்துக்கறேன்."

"செத்தவன் எதையும் எடுத்துக்கிட்டுப் போறதில்ல. டேப் ரெக்கார்டர் என்னுது. அதுக்குள்ள இருக்கிறதும் என்னுது."

"காலைல குடுக்கணும் மாமா. திரும்ப வாசிக்க நேரமில்ல."

நான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "பொணம் பேசாது. வழி விடுங்க."

வழி விட்டார்கள். அண்ணாதுரைகூட விட்டான், சாவுக்கு வழி விடாதவன் யாருமில்லை. தோளில் கிடந்த கிடாரை நான் தடுக்கவில்லை. பிணத்தோடு அது ஆண்ட பொருள் ஒன்றை அனுப்புவது எங்கள் வழக்கம். அவர் நடந்தார். மாலை கம்பிகளில் உரசி, ஊமையாக ஏதோ ஒலித்தது. அவருக்குப் பின்னால் சரோஜா சாணித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனாள். பாதி அவள் காலிலேயே விழுந்தது.

அவர் வாசலைத் தாண்டியதும் சசிகலாவிடம் சொன்னேன். "அணைச்ச கைதானே. ஏத்து."

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். "ஏத்தினா நான் யாருப்பா?"

"தாலியறுத்தவ. ஆனா என் பொண்ணு."

"ஏத்தலன்னா?"

"இன்னொரு மாலை வாங்கச் சொல்லணும்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கினாள். ஈரச் சாணித் தரையில் அவள் காலடித் தடம் தெருவரை போயிற்று. சரோஜா அதன் மேலும் தெளிக்க வேண்டியிருந்தது. அவள் தயங்கியதால் செம்பை வாங்கி நானே தெளித்தேன்.

பிறகு சுவிட்சைப் போட்டேன். இரண்டு பல்பும் எரிந்தன. கூட்டம் தலை முழுகக் குளத்துக்குப் போயிற்று. நானும் கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வேட்டி மாற்றி, சாப்பிட உட்கார்ந்தேன். சரோஜா சோற்றை வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

மூட்டை அறையில் கிடாரை மாட்டி வாசிக்கும் ஸ்பீக்கர் பெட்டியை யாரும் அணைக்கவில்லை. ம்ம்ம் என்று அந்த இரைச்சல் மறுபடி வந்துகொண்டே இருந்தது.

"அந்தச் சனியன நிறுத்துங்களேன்" என்றாள் சரோஜா.

"இருக்கட்டும்" என்றேன். "வாசல்ல விளக்கு எரியுதுன்னு அர்த்தம்."