துடைத்துவிடும் நேரம்

ஸ்பீக்கரை அணைத்ததும் கிழவரின் நெற்றிச் சுருக்கம் தளர்வதை நர்ஸ் இன்றும் கண்டாள். தலையணையோரம் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டி காலையிலிருந்து ஓயாமல் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தது. மனிதர்களுக்குத் தொண்டை வறளும், அதற்கு வறளாது. "தண்ணி பட்டா கெட்டுடும்க்கா" என்று அதை அவருடைய மகளின் கையில் கொடுத்து வெளியே அனுப்பி, திரையை இழுத்துவிட்டாள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள்.

பேச்சு இருந்தவரை வார்டையே சிரிக்க வைத்த மனுஷன். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனால்கூட "பாத்து வளைம்மா, பின்னாடி ஆளு தொங்குது" என்பார். வந்த அன்று, எல்லோரிடமும் கேட்பதுபோல, சாமி கும்பிட ஏதாவது ஏற்பாடு செய்யணுமா என்று அவரிடமும் கேட்டாள். அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

"என் பையன் போனதிலேர்ந்து அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லம்மா. நான் படுத்த நேரமாப் பாத்து யாராவது சமாதானம் பேச வருவாங்க. உள்ள விட்டுடாதே."

"அப்ப சாமியே இல்லைங்கிறீங்களா ஐயா?"

"இல்லாத ஆளை எவனாவது இத்தனை வருஷம் முறைச்சுக்கிட்டு இருப்பானா?"

விடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அடுத்த வாரமே பக்கவாதம் அவர் நாக்கைக் கட்டிப்போட்டது. மகள் பெட்டியோடு வந்தாள்.

மகளிடம் சொல்லிப் பார்க்காமலும் இல்லை. அவள் அப்பாவின் கண்ணோரத்தைக் காட்டினாள். "பாருங்க சிஸ்டர், எப்படி உருகுறாரு. நேத்து வந்த உங்களுக்கு என் அப்பாவைத் தெரியுமா? தம்பி போனப்ப எங்க வீட்ல ஒருத்தர்கூட அவனுக்காக வேண்டிக்கல. அப்பா விடல. இவரையும் அப்படியே அனுப்பச் சொல்றீங்களா?"

அந்தக் கண்ணீர் கோபம் என்று நர்ஸுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தலைமை நர்ஸ் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "புகார் குடுக்கப் போறது அவரா, அவர் பொண்ணா?"

அதன்பிறகுதான் துடைத்துவிடும் வேளைகள் கூடின. காலையில் மட்டும் என்றிருந்தது உச்சிக்கு, சாயங்காலத்துக்கு என்று வளர்ந்தது. வேர்த்திருக்கிறது என்பாள், விரிப்பு ஈரம் என்பாள். துணி ஓடும்வரை அமைதி. அந்த அமைதியில் அவருடைய இடக்கை விரல்கள் மெல்ல வளைந்து காற்றில் எதையோ பற்றும், ஸ்டியரிங்காக இருக்கலாம்.

இன்று ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தபோது துணியில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. இடுப்புக்கு மேலே தோல் நனைந்த காகிதம்போல் உரிந்திருந்தது. வயதான தோலை ஓயாமல் நனைக்கக் கூடாது என்பது முதலாண்டுப் பாடம். அவர் முனகக்கூட இல்லை.

திரையை விலக்கிக்கொண்டு வந்த தலைமை நர்ஸ் முதுகைப் பார்த்தார், பிறகு அவளை.

"படுக்கைப்புண்ணா?"

"இல்ல மேடம். நான்தான்."

"பாவம் பாத்துப் பாத்தே மனுஷனை உரிச்சு வச்சிருக்கே. பிரசவ வார்டுக்குப் போ. இனி இந்தப் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது."

புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு கிழவரின் காதருகே குனிந்தாள். பிறகு நிமிர்ந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். மகள் உள்ளே வந்து, பெட்டியை இந்தமுறை காதுக்கு இன்னும் நெருக்கமாக வைத்தாள்.

தாழ்வாரத்தில் பாத்திரத்தை ஏந்தியபடி நர்ஸ் நின்றாள். விட்ட இடத்திலிருந்து பிரார்த்தனை தொடங்கியது. வெந்நீரில் இன்னும் சூடு இருந்தது. பிழியாத துணி அதில் மெல்ல விரிந்துகொண்டிருந்தது.