அறு என்றொரு வரி

பாபநாசத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, பண்ணைக் காரியஸ்தர் ரெத்தினம் பள்ளிக்கூட வாசலில் நிற்பதை விண்ணரசி பார்த்துவிட்டாள். பக்கத்தில் ஒரு போலீஸ் ஜீப். பண்ணையின் நிலபுலன்களைக் கவனிக்கிற மனிதருக்கு வியாழக்கிழமை காலையில் இங்கே என்ன வேலை என்று யோசித்தபடியே நடந்தாள்.

அறுபத்தொன்பதாம் வருஷத் தை மாதம். சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. கூலியை உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று விவசாயக் கூலிகளின் சங்கத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வெளியூர் ஆட்களை வைத்து அறுத்துக்கொள்கிறோம் என்றது பண்ணை. இந்த இழுபறியில், ஞாயிற்றுக்கிழமை, பண்ணைவீட்டார் திருப்பனந்தாளுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில், யாரோ இறங்கி இரண்டு மா நிலத்து விளைச்சலை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் சங்கத்துத் தங்கையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவன் வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் மகள் ராசம்மாள், விண்ணரசியின் எட்டாம் வகுப்பில் படிப்பவள், ஒருநாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடமும் பண்ணையுடையதுதான். விண்ணரசி வேலைக்கு வந்து ஏழு மாதத்தில் அவளைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. தங்கையன் மகளை முன்வரிசையில் உட்காரவைத்ததால் பெரிய தெருவில் அவள் சங்கத்தின் ஆள். பண்ணை கொடுத்த வேலை என்பதால் கூலிக்காரத் தெருவில் அவள் பண்ணையின் ஆள்.

தலைமையாசிரியர் ஜெக்கரியாவின் அறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"இது யாரு எழுத்து டீச்சர்?"

ராசம்மாளுடைய எழுத்து. காகிதம் மேலும் கீழும் கிழிந்திருந்தது. மிஞ்சியிருந்தது ஒரே வரி: கட் த க்ராப். பயிரை அறு.

"தங்கையன் வீட்டுக் கூரையில செருகியிருந்துச்சு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இங்கிலீஷ்ல எழுதுனா யாருக்கும் புரியாதுன்னு பாத்திருக்காங்க" என்றார் ரெத்தினம். "டீச்சர் மூலமா சேதி போயிருக்குங்க."

"இது பாடம் சார்" என்றாள் விண்ணரசி. "நாலு வகை வாக்கியம் நடத்தினேன். பயிர் விளைஞ்சிருக்கு, அது செய்தி வாக்கியம். பயிர் விளைஞ்சிருக்கா, அது வினா. பயிரை அறு, அது கட்டளை. எவ்வளவு நல்லா விளைஞ்சிருக்கு, அது உணர்ச்சி. நாலும் இந்தக் காகிதத்துல இருந்திருக்கும். யாரோ மேலயும் கீழயும் கிழிச்சிருக்காங்க."

அவள் ரெத்தினத்தைப் பார்த்தாள். அவர் சன்னலைப் பார்த்தார்.

"என் பாடக்குறிப்பு நோட்டைப் பாருங்க. ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

ஜெக்கரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த நோட்டு எங்கிட்ட இல்லியே டீச்சர்."

செவ்வாய்க்கிழமை அவரே வகுப்புக்கு வந்து அந்த நோட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தார். வழக்கமாக வெள்ளிக்கிழமைதான் கேட்பார். தங்கையனைப் பிடித்த மறுநாள் அப்படியென்ன அவசரம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

"சரி, அதே பாடத்தை இப்ப என் முன்னால நடத்துங்க, பாப்போம்" என்று சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

எட்டாம் வகுப்பில் சப்-இன்ஸ்பெக்டரும் ரெத்தினமும் சுவரோரம் நின்றார்கள். தான் ஒரு வரி எழுதினாலும் அதற்கு வேறு அர்த்தம் பிறக்கும் என்று விண்ணரசி சாக்கட்டியைத் தொடவில்லை.

"நீங்களே ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க. என்ன வகைன்னும் சொல்லணும்."

கமருன்னிஸா எழுந்தாள். "மை ஃபாதர் இஸ் இன் சிங்கப்பூர். செய்தி வாக்கியம் டீச்சர்."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "சிட் டவுன். கட்டளை வாக்கியம்" என்றான். நின்றுகொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து யாருக்கும் சிரிக்கத் துணிச்சல் வரவில்லை.

"வினா வாக்கியம் யார் சொல்றீங்க?"

ராசம்மாள் எழுந்தாள். டீச்சரைப் பார்க்காமல் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "வேர் இஸ் மை ஃபாதர்?"

"யாரு இந்தப் பொண்ணு?"

"தங்கையன் மகள் சார். எழுதினவளும் இவள்தான்" என்றாள் விண்ணரசி.

"சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்திருக்காங்க, பாத்தீங்களா" என்றார் ரெத்தினம்.

ராசம்மாள் உட்காரவில்லை. வாசற்படியில் நின்றிருந்த ஜெக்கரியா திரும்பி நடந்தார். பயந்து நழுவுகிறார் என்று விண்ணரசி கசப்போடு நினைத்தாள். ஆனால் அவர் பழுப்பு அட்டை போட்ட நோட்டோடு திரும்பி வந்தார்.

"பீரோவுக்குள்ள இருந்துச்சு" என்று நீட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் புரட்டினார். நான்கு வாக்கியங்களும் வரிசையாக இருந்தன. கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து. பயிர் அறுபட்டதற்கு ஒன்பது நாள் முந்தைய தேதி. கிழிந்த காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ரெத்தினத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"உங்கப்பா தஞ்சாவூர்ல இருக்காரு. ரெண்டு நாள்ல வந்துருவாரு" என்று ராசம்மாளிடம் சொல்லிவிட்டு வெளியேறினார்.

ஜீப் போனபிறகு ஜெக்கரியா தாழ்வாரத்தில் நின்றார். "ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம்தான் டீச்சர். பயந்துட்டேன்."

"அப்புறம் ஏன் சார் எடுத்துட்டு வந்தீங்க?"

"அந்தப் புள்ள கேட்டுட்டு நின்னுக்கிட்டே இருந்துச்சே" என்றார் அவர்.

தங்கையன் சனிக்கிழமை வீடு திரும்பினான். பயிரை அறுத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. காகிதத்தைக் கிழித்தது யாரென்று யாரும் விசாரிக்கவுமில்லை. திங்கட்கிழமை காலையில் தங்கையன் வீங்கிய காலோடு நொண்டியபடி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். சொல்லிக்குடுக்க எத்தனையோ இருக்கையில, அந்த வரிய ஏன் எம் புள்ளைக்கு எழுதக் குடுத்தீங்க? குடுக்கச் சொல்லி யாராச்சும் சொன்னாங்களா?"

நாலு நாளாக ஒவ்வொருவரையும் சந்தேகித்தவளுக்கு, இவன் தன்னைச் சந்தேகிப்பான் என்று மட்டும் தோன்றியிருக்கவில்லை.

"யாரும் சொல்லலைங்க. வகுப்பு சன்னல்ல பாத்தா வயல்தான் தெரியுது. கண்ணுல பட்டதை எழுதினேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். நம்பினானா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"புள்ளையக் கூட்டியாந்திருக்கேன்" என்றான் கடைசியில்.

சற்றுத் தள்ளி நின்ற ராசம்மாளின் கையில் சிலேட்டு இருந்தது. எட்டாம் வகுப்பில் யாரும் சிலேட்டு கொண்டுவருவதில்லை.

"இனிமே இதுலயே எழுதட்டுங்க. வீட்டுக்கு வரையில அழிச்சுட்டு வந்துருவா."

சரி என்று விண்ணரசி தலையசைத்தாள். ராசம்மாள் அவளைத் தாண்டி உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை தங்கையன் வாசலிலேயே நின்றிருந்தான்.